கல்யாண மண்டபத்தில் அறிபுனை வாசகர் மாநாடு: யாழ்ப்பாணத்து மண்டபச் சேவை ஒன்றின் மதிப்பீடு

கல்யாணத்துக்கென்று கட்டிய மண்டபத்தை அறிவியல் புனைகதை, மிகைபுனைவு வாசகர்களின் இரண்டு நாள் மாநாட்டுக்கு எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஆனால் மண்டபக்காரர் முதலில் காட்டும் இடத்தைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. அவர் முன்கதவைத் திறந்து மணவறை மேடையையும் தொங்குவிளக்கையும்தான் காட்டுவார். நீங்கள் கேட்டுப் பார்க்கவேண்டியது மாப்பிள்ளை அறை, பொம்பிளை அறை, மேல்மாடிச் சின்ன மண்டபம், சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகிற விறாந்தை. மாநாடு நடப்பது அந்த இடங்களில்தான்.

இங்கே மதிப்பிடுவது யாழ் நகரை அண்டிய ஒரு மண்டபத்தின் சனி, ஞாயிறு வாடகைச் சேவை. அளவுகோல், 150 பேர் வரும் மாநாடு. மண்டபத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே அமைப்பில் நகரைச் சுற்றி வேறு மண்டபங்களும் இருப்பதால் பெயரைவிட அமைப்பைத் தெரிந்துகொள்வதுதான் உதவும். கீழே 500 கதிரை கொள்ளும் பெரிய மண்டபம், பக்கத்தில் சாப்பாட்டு மண்டபம், மேலே 30 அடிக்கு 20 அடி அறை, மேடைக்குப் பின்னால் இரண்டு அலங்கார அறை, வாசலில் ஒரு அலுவலக அறை.

ஏன் கல்யாண மண்டபம்? வீரசிங்கம் மண்டபமும் பல்கலைக்கழகத்துக் கைலாசபதி கலையரங்கும் ஒரே மேடையைப் பார்த்து எல்லோரும் இருக்கும் இடங்கள். புத்தக வெளியீட்டுக்கும் நாடகத்துக்கும் அவை பொருந்தும். வாசகர் மாநாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கலந்துரையாடல், ஒரு வாசிப்பு, ஒரு புத்தகச் சந்தை, ரீ குடித்துக்கொண்டு நின்று கதைக்க ஒரு மூலை எல்லாம் வேண்டும். இது பழைய வழக்கம். 1937இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு பிரம்மஞான சபை மண்டபத்தில் கூடிய சிறு கூட்டத்தை முதல் அறிபுனை மாநாடு என்று பலர் சொல்வார்கள். பின்னாளில் கொழும்பில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் அங்கே வந்திருந்த இளைஞர்களில் ஒருவர். 1939இல் நியூயோர்க்கில் நடந்த முதல் உலக மாநாட்டுக்கே சுமார் 200 பேர்தான் வந்தார்கள். ஆகவே 150 பேர் என்பது சின்னக் கணக்கல்ல, அதற்குப் பெரிய அரங்கும் தேவையில்லை.

முதலில் அறைகள். மேல்மாடி அறையை மண்டபக்காரர் “அறுபது பேர் இருக்கலாம்” என்கிறார். ஆளுக்கு 10 சதுர அடி என்று பார்த்தால் கணக்குச் சரி. ஆனால் பேசுபவர்களுக்கு மேசை, நடுவில் 4 அடி நடைபாதை, சக்கரக் கதிரைக்கு ஒரு மூலை என்று விட்டால் 45 கதிரைக்குமேல் போடக்கூடாது. சக்கரக் கதிரை என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். மேல்மாடிக்கு லிஃப்ட் இல்லை. முழங்கால் நோவுள்ள வாசகர்கள் விரும்பக்கூடிய அமர்வுகளை மேலே போடவேண்டாம். நிகழ்ச்சிநிரலில் ‘மாடி, 22 படி’ என்றே அச்சிடுங்கள். வருபவர் அதைப் பார்த்துத் தானே முடிவெடுப்பார்.

பொம்பிளை அறை இந்த மண்டபத்தின் மிகச் சிறந்த அறை. மூன்று பக்கமும் கண்ணாடி, முகத்தில் நிழல் விழாத வெளிச்சம், உள்ளேயே குளியலறை, அயர்ன் போடத் தனி பிளக். சனி இரவு, கதைமாந்தர்போல உடுத்து மேடையேறும் வேடப்போட்டி வைப்பதென்றால் இதைவிட நல்ல ஒப்பனை அறை கிடைக்காது. மாப்பிள்ளை அறை சின்னது, ஆனால் கதவு உட்பக்கமாகப் பூட்டும். அதை ஏற்பாட்டுக் குழுவின் அறையாக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். யாராவது தொல்லை கொடுத்தார்கள் என்று முறைப்பாடு சொல்ல வருபவர் இருந்து கதைக்கவும், சத்தம் தாங்காதவர் அரை மணித்தியாலம் கண்ணை மூடி இருக்கவும் அந்த அறை வேண்டும். முறைப்பாடு கேட்பவர் இரண்டு பேராவது இருக்கவேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். ஏற்பாட்டுக் குழுவுக்கு வாசல் அலுவலக அறை போதும். பதிவு மேசைக்குப் பக்கத்தில் இருப்பது அவர்களுக்கும் வசதி.

இனி ஒலி. இந்தச் சேவையின் பெரிய பலவீனம் இதுதான். வாடகையோடு வரும் ஒலியமைப்பு நாதஸ்வரத்துக்கும் பாட்டுக்கும் ஏற்றது. மேடையின் இரு பக்கமும் இரண்டு பெரிய ஸ்பீக்கர், அவ்வளவுதான். தரை முழுக்க மாபிள், மேலே கொங்கிறீற், பக்கத்தில் வெறும் சுவர். பாட்டுக்கு அந்த எதிரொலி குறையாகத் தெரியாது. ஆனால் ஐந்து பேர் இருந்து விவாதிக்கும்போது முன்வரிசைக்கு இரைச்சல், பின்வரிசைக்கு வெறும் முழக்கம். சத்தத்தைக் கூட்டினால் முழக்கம்தான் கூடும்.

செய்யவேண்டியது இது. மண்டபத்தின் நீளம் சுமார் 100 அடி. நடுவில், மேடையிலிருந்து 15 மீற்றரில், சின்ன ஸ்பீக்கர் இரண்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் போவதால் 15 மீற்றரைக் கடக்க 44 மில்லிசெக்கன் எடுக்கும். நடு ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதிக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். 44ஓடு இன்னும் 10 கூட்டி 54 வைத்தால் குரல் மேடையிலிருந்தே வருவதுபோல் காதுக்குப் படும். டிஜிற்றல் மிக்சர் (மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒலிப்பலகை) வைத்திருப்பவர் இதை அரை நிமிடத்தில் செய்வார். பழைய மிக்சர் என்றால் செய்யமுடியாது. அதனால் முற்பணம் கொடுப்பதற்குமுன் எந்த மிக்சர் என்று கேளுங்கள். பிறகு 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை எல்லா மைக்கிலும் வெட்டச் சொல்லுங்கள். பின்சுவரில் கல்யாணச் சோடனைத் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். சோடனைக்காரரிடம் அந்தத் துணி எப்போதும் இருக்கும், எதிரொலி கேட்கிற அளவுக்குக் குறையும். கதிரைகளை மண்டபத்தின் முன்பாதிக்குள் அடக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை அதோடு முடிந்துவிடும்.

மைக் எத்தனை? வாடகையில் மேடைக்கு இரண்டு வருகிறது. ஐந்து பேருக்கு இரண்டு மைக் என்றால் கைமாற்றிக் கைமாற்றியே உரையாடல் செத்துவிடும். மேசையில் நான்கு, கேள்வி கேட்போருக்கு வயரில்லாத ஒன்று தேவை. நான்கையும் ஒன்றாகத் திறந்து வைத்தால், ஒரு மைக்கோடு ஒப்பிடும்போது, கீச்சிடாமல் கூட்டக்கூடிய சத்தம் 6 டெசிபெல் குறையும். அதனால் ஒலிக்காரர் விட்டுவிட்டு ரீ குடிக்கப் போகமுடியாது. பேசுபவரின் மைக்கை மட்டும் திறந்து மற்றவற்றைத் தாழ்த்தி, அமர்வு முழுக்க மிக்சரில் கையோடு இருக்கவேண்டும். கல்யாணத்தில் அவருக்கு அந்த வேலை இல்லை. முன்கூட்டிச் சொல்லி, அதற்கான கூலியையும் பேசிக்கொள்ளுங்கள். வயரில்லாத மைக்கின் பற்றரியை மத்தியானம் கட்டாயம் மாற்றவேண்டும், வெளிச்சம் பச்சையாக இருந்தாலும்.

எல்லா மாநாட்டிலும் ஒருவர் எழும்பி, “எனக்கு மைக் தேவையில்லை, என்ரை குரல் எல்லாருக்கும் கேக்கும்” என்பார். நெறியாளர் அப்போதே, “ஐயா, பின்னாலை காது கேக்கும் கருவியோடை இருக்கிறவைக்குக் கேக்காது, தயவுசெய்து வாங்குங்கோ” என்று சொல்லி மைக்கைக் கையில் கொடுக்கவேண்டும். கேள்வி காதில் விழாத அமர்வை எந்த வாசகரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

மின்சாரம். மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது. ஆனால் அது விளக்கையும் மின்விசிறியையும் தாங்கும், ஏசியைத் தாங்காது. மாற்றுவதும் கையால்தான், ஆள் நடந்துபோய்ச் சுவிச்சைத் திருப்ப ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடத்தில் டிஜிற்றல் மிக்சர் அணைந்து, திரும்ப எழும்ப இன்னொரு நிமிடம் போகும். மிக்சருக்கு ஒன்று, பதிவு மேசையின் கணினிக்கும் ரவுட்டருக்கும் ஒன்று என 650 விஏ யூபிஎஸ் இரண்டைக் கொண்டுபோனால் போதும். புரொஜெக்ரரை யூபிஎஸ்ஸில் மாட்டவேண்டாம், அந்தச் சுமைக்கு அது நிற்காது. இன்னொன்று: பெரிய மண்டபத்தில் பழைய உருண்டைப் பின் பிளக், மேல்மாடியில் புதிய சதுரப் பின். இரண்டுக்கும் பொருந்தும் மல்ரி பிளக் ஆறாவது வேண்டும். கடையில் கிடைப்பதில் வயர் மெல்லியதாக இருந்தால் அயர்னுக்குக் கொடுக்காதீர்கள், உருகிவிடும்.

சாப்பாட்டு மண்டபத்தின் ஒரு பாதியைப் புத்தகச் சந்தையாக்கலாம், ஆனால் எந்தப் பாதி என்பது முக்கியம். சமையல் கொட்டில் பக்கமாக மேசை போட்டால் சோற்று ஆவிக்கு இரண்டு மணித்தியாலத்தில் மட்டை அட்டைகள் சுருளும். சித்திரம் வைப்பவரின் தாள்கள் அதற்கும் முன்பே அலையடிக்கும். வாசல் பக்கப் பாதியை எடுங்கள். பந்தி மேசை ஒன்றரை அடி அகலம்தான். இலை போடப் போதும், புத்தகம் அடுக்கப் போதாது. இரண்டை நெடுக்கே ஒட்டினால் 3 அடி அகலத்தில் நல்ல கடைமேசை வரும். அப்படி எட்டுக் கடைக்குப் பதினாறு மேசை. மண்டபத்தின் கணக்கில் மேசைக்கு வாடகை தனி, ஆகவே ‘எட்டுக் கடை’ என்று சொல்லாமல் ‘பதினாறு மேசை’ என்று எழுத்தில் கேளுங்கள். சுவரில் ஆணி அடிக்கவோ செலோரேப் ஒட்டவோ விடமாட்டார்கள். சாயம் கழன்றால் வைப்புப் பணத்தில் பிடிப்பார்கள். சோடனைக்காரரின் இரும்புக் கம்பிச் சட்டத்தில் வலை கட்டி, அதில் கிளிப் போட்டால் சித்திரக் கண்காட்சி அழகாக நிற்கும்.

சாப்பாட்டில் இந்த மண்டபத்துக்கு முழுப் புள்ளி. சைவச் சாப்பாடு, கறி சுடச்சுட, நேரம் தவறாது. வெளிச் சமையலை விடமாட்டார்கள், மச்சமும் கிடையாது. ஆனால் பந்தி முறையில் 150 பேர் இருந்து எழும்ப ஒன்றரை மணித்தியாலம் போகும், நிகழ்ச்சிநிரல் அதைத் தாங்காது. மேசையில் வைத்துத் தாங்களே போட்டுச் சாப்பிடும் முறையை இரண்டு பக்கமும் கை எட்டுமாறு கேளுங்கள். 45 நிமிடத்தில் முடியும். எண்ணிக்கையை மூன்று நாள் முன்பு சொல்லவேண்டும், சொன்ன தட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும் காசு. ஞாயிறு மத்தியானம் சனியைவிட ஆள் குறைவு, தூரத்து ஆட்கள் பஸ்ஸைப் பார்த்துப் போய்விடுவார்கள். ஞாயிறுக்கு நான்கில் மூன்று பங்கு சொன்னால் போதும்.

ரீதான் சண்டை போட்டுப் பெறவேண்டிய விடயம். மண்டபத்தின் வழக்கம், காலை 10 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் தட்டத்தில் கொண்டுவந்து நீட்டுவது. வாசகர் மாநாட்டுக்கு அது சரிவராது. அமர்வு முடிந்து வெளியே வருபவர் கையில் ஒரு கோப்பையோடு, சற்றுமுன் பேசியவரோடு நின்று கதைக்கவேண்டும். பாதி நட்பும் பல புதிய கதைகளும் அந்த இடத்தில் பிறக்கும். 20 லீற்றர் ரீ அண்டா ஒன்றை விறாந்தையில் காலை 9 முதல் பின்னேரம் 6 வரை வைத்து, ஒருவர் நிரப்பிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். 120 மில்லிலீற்றர் கோப்பைக்கு ஒரு அண்டா 166 கோப்பை; இரண்டு நாளுக்கு எட்டு அண்டா கணக்கு வையுங்கள். பக்கத்தில் சீனி போடாத பிளேன்ரீயும் தண்ணீரும் இருக்கட்டும். வடை, ரோல்ஸ் எல்லாம் இரண்டாம்பட்சம்.

பேரம் பேசப்போனால் மண்டபக்காரரின் முதல் கேள்வி, “தம்பி, பிரதம விருந்தினர் ஆர்? எத்தினை மாலை, எத்தினை பொன்னாடை?” என்பதாக இருக்கும். அவர் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர் விழா அப்படித்தான் நடக்கும், அவருடைய பொதியும் அதற்குத்தான். “அண்ணை, இதிலை வாறவை எல்லாரும் அங்கத்தவர். குழுவும் காசு கட்டித்தான் வரும்” என்று விளக்குங்கள். உலக மாநாடுகளிலும் இதுதான் முறை: வருபவர் ரிக்கெற் வாங்குபவர் அல்ல, மாநாட்டின் அங்கத்தவர். நடத்துபவர்களும் சம்பளமில்லாத வாசகர்கள். மங்கள விளக்கு ஏற்றுங்கள், அது பத்து நிமிடம். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, நன்றியுரை என்று நீட்டினால் காலையின் இரண்டு அமர்வு போய்விடும். ஓர் அமர்வு 50 நிமிடம், மாறுவதற்கு 10 நிமிடம். அந்தப் பத்தைப் பறித்தால் 11 மணிக்கே நிரல் சரியத் தொடங்கும்.

பெயரட்டை மண்டபத்தின் சேவையில் வராது, நகரத்து அச்சகத்தில்தான் செய்யவேண்டும். யூனிகோட்டில் தட்டிய பெயர்ப்பட்டியலைப் பாமினி எழுத்துருவில் வேலை செய்யும் அச்சகத்துக்கு அப்படியே கொடுத்தால் எழுத்துகள் குழம்பிவிடும். பீடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். கழுத்து நாடாவில் அட்டை எப்படியும் திரும்பிக்கொள்ளும். கனடாவிலும் பிரான்சிலும் பிறந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து ஓடாது.

வேடப்போட்டிக்கு மேடை உயரம் நன்று, படிகள் ஆபத்து. மணவறைப் பீடத்தைக் கழற்ற முடியாது. வேடக்காரர் அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். முகமூடி போட்டவருக்குக் கால் தெரியாது. ஏறும் படியில் ஒருவர், இறங்கும் படியில் ஒருவர் கைபிடிக்க நிற்கட்டும். படி விளிம்பில் வெள்ளை ரேப் ஒட்டுங்கள். அசல்போலத் தெரியும் துப்பாக்கியையும் இராணுவச் சீருடை நிறத் துணியையும் இந்த ஊரில் அனுமதிக்கவே வேண்டாம். வாள், கோடரி என்றால் அட்டையிலோ றெஜிஃபோமிலோ செய்து, வீதியில் பையைவிட்டு எடுக்காமல் கொண்டுவரவேண்டும். இதைப் பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள்.

வாடகை முகூர்த்த நாளுக்கு ஒன்று, வெறும் நாளுக்கு இன்னொன்று என்பதால் தொகையை இங்கே எழுதுவதில் பயனில்லை. எந்த நாளில் எடுப்பது என்பதுதான் விலை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மண்டபம் சும்மா கிடக்கும், பேரம் பேசலாம். ஆனால் ஆடி அமாவாசை கழிந்த சஷ்டியில் நல்லூர்க் கொடியேறிவிட்டால் 25 நாளுக்குத் தங்குமிட அறை கிடைப்பது பெரும்பாடு. நல்லூரடியில் வீதித் தடையும் இருக்கும். கொடியேற்றத்துக்கு முந்திய ஆடி வார இறுதி மிக நல்லது: வெளிநாட்டு உறவுகள் வந்து இறங்கியிருப்பார்கள், அறைகளும் இருக்கும். மார்கழியில் மழை முடிந்திருக்கும் என்று நம்பமுடியாது, புத்தகச் சந்தைக்குத் தார்ப்பாய் வேண்டும். நாளைக் குறிக்குமுன் க.பொ.த. பரீட்சை அட்டவணையையும் ஒருக்கால் பாருங்கள். மாணவர்கள் வராத மாநாட்டில் பாதி உயிர் இருக்காது.

ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுத்தில் வாங்கவேண்டியது வெள்ளிக்கிழமை. ‘சனி காலை 6 மணிக்குத் திறப்புத் தருவோம்’ என்பது மண்டபத்தின் வழமை. எட்டுப் பேர் நான்கு மணித்தியாலம் வேலை செய்தால்தான் மேசை, ஒலி, அறிவிப்புப் பலகை எல்லாம் நிற்கும். 9 மணிப் பதிவுக்கு அது காணாது. வெள்ளி பின்னேரம் வேறு யாருடையதோ கல்யாண வரவேற்பு இருந்தால் இரவு 11 மணிக்குமேல்தான் உள்ளே விடுவார்கள். அரைநாள் வாடகை கட்டியாவது வெள்ளி பின்னேரத்தை வாங்கிவிடுங்கள். சனி இரவு புத்தகங்கள் உள்ளேயே இருக்க, காவலாளி யார், திறப்பு யாரிடம் என்பதையும் பெயர் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரம் மீற்றர்க் கணக்கில், ஜெனரேட்டர் மணிக்கணக்கில். இரண்டின் தொடக்க இலக்கத்தையும் உள்ளே போனதும் ஃபோனில் படமெடுத்து வையுங்கள்.

ஞாயிறு பின்னேரம் 4 மணிக்குக் கடைசி அமர்வை முடித்துவிடுங்கள், 6 மணிக்குத் திறப்பைக் கொடுக்கவேண்டும். கதிரையை இருபது இருபதாக அடுக்கி, மண்டபத்து ஆளோடு நின்று எண்ணி, அந்த இடத்திலேயே வைப்புப் பணத்தைக் கேளுங்கள். “திங்கள் வந்து எடுங்கோ” என்று விட்டால், துப்புரவுக் கூலி, உடைந்த கிளாஸ் என்று கணக்குக் கூடிக்கொண்டே போகும். இந்த மண்டபத்தில் அன்றைக்கே கேட்டால் அன்றைக்கே தருகிறார்கள்.